கடைவீதியின் அகலம்

என் சாமி ஸ்டெல்லா,

போன ஞாயிற்றுக்கிழமை திருமண வகுப்பு முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் நீ சொன்ன ஒரு பேச்சுதான் என்னை இப்படி உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாய். "கல்யாணத்துக்கு முன்னாடி மனசுல யார் மேலயும் கசப்பு வெச்சுக்காதீங்கன்னு ஃபாதர் சொல்றாருப்பா. எல்லாரையும் மன்னிச்சிட்டேன். அந்த ஆம்புலன்ஸ் டிரைவர மட்டும் என்னால முடியல. பலிபீடத்துக்கு முன்னாடி நிக்கும்போதும் அந்த ஆளு மூஞ்சிதான் ஞாபகம் வரும்போல இருக்குது." அம்மா இடது கையைத் தூக்கி, வேண்டாம் என்பதுபோல ஆட்டினாள். நீ அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்து, "சரிம்மா, நான் பேசல, நீ டென்ஷன் ஆவாத" என்றாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது.

நீ நாமக்கல் பஸ் ஏறும்வரை சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். நேரில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நான் பேச ஆரம்பித்தால் நன்றாகப் பேசிவிடுவேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடையில் நின்று பழகியவன். ஒரு குடத்தில் ஒடுக்கு விழுந்திருந்தால், வாங்குகிறவர் கண்ணில் படாமல் அதைத் திருப்பிப் பிடிக்கத் தெரிந்தவன். இந்த விஷயத்தையும் அப்படித் திருப்பிப் பிடித்துவிடுவேன், நீயும் "பாவம் அப்பா" என்று சொல்லிவிடுவாய். அது நடக்கக் கூடாது. எழுதினால் நீ நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம், வேண்டிய இடத்துக்குத் திரும்பிப் போகலாம். நான் ஒடுக்கை மறைக்கிற இடம் உன் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தெருவிலிருந்துதான் தொடங்க வேண்டும். சேலத்தில் எத்தனையோ வீதிகளில் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஒருவர் "கடைவீதிக்குப் போயிட்டு வாரேன்" என்றால் எந்தக் கடைவீதி என்று எதிராளி கேட்பதில்லை. கோட்டை இருந்த காலத்தில் அதை ஒட்டிக் கூடிய சந்தைதான் பிறகு தெருவானது என்று என் அப்பா சொல்வார். அது உண்மையோ கதையோ, மேட்டூரில் கல்யாணம் நிச்சயமானாலும் ஆத்தூரில் நிச்சயமானாலும் சீர்ப் பாத்திரமும் வளையலும் புடவையும் வாங்க இங்கேதான் வருகிறார்கள். உனக்கு விவரம் தெரியும் முன்பே அந்தத் தெருவின் சத்தம் உனக்குப் பழக்கம். "அக்கா, உள்ள வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசா கேக்கறோம்?" என்கிற கூவல், மல்லிகையும் கற்பூரமும் புதுத்துணியும் கலந்த வாசனை, ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் நடுவே நம் கடை வாசலில் தொங்கும் குடங்கள் ஒன்றோடொன்று இடித்து எழுப்புகிற ஓசை. கைக்குழந்தையாக உன்னை அண்டாவுக்குள் உட்கார வைத்துவிட்டு உன் அம்மா வியாபாரம் பார்த்திருக்கிறாள். நாம் வேறு மதம் என்று அந்தத் தெரு ஒருநாளும் நமக்கு உணர்த்தியதில்லை. நம் கிறிஸ்துமஸுக்குக் காதர் பாய் கடையில் ஸ்டார் தொங்கும், அவர் பெருநாளுக்கு நம் கடை அண்டாவில் பிரியாணி வேகும்.

இத்தனை நல்ல தெருவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது வளர்ந்துகொண்டே இருக்கும், நடுவை நோக்கி. என் அப்பா கடை போட்ட காலத்தில் இரண்டு பக்கமும் கல் பாவிய சாக்கடை, அதற்கு உள்ளே தள்ளித்தான் கடைகள். பாரம் ஏற்றிய மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்தால் இரண்டும் ஒதுங்காமல் போகுமாம். வாங்க வருகிறவர்கள் தாண்டுவதற்கு வசதியாக அப்பா சாக்கடை மேல் ஒரு பலகை போட்டார். பலகை உளுத்ததும் கடப்பைக்கல் போட்டார். கல் போட்டாகிவிட்டதே என்று அதன்மேல் அண்டாக்களை அடுக்கினார். அண்டா நனையக் கூடாதென்று தகரம் இறக்கினார். தகரத்துக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வைத்தவன் நான். ஸ்டாண்டுக்கும் முன்னால் கம்பி நீட்டிக் குடங்களைக் கோத்துத் தொங்கவிட்டவனும் நான்தான். ஒருவர் ஓரடி முன்னால் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் மறைந்துபோகிறார், அவரும் ஓரடி வருகிறார். எதிர்க் கடைக் காதர் பாய் குடைகளை வெளியே தொங்கவிட்டதோடு நிற்காமல் சூட்கேஸ் அடுக்கையும் வெளியே இறக்கினார். மாநகராட்சி ஆட்கள் வந்து கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பெயிண்ட் காயும்வரை எல்லோரும் கோட்டுக்கு உள்ளே இருப்போம்.

ஊரடங்கு நாளில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க நீயும் நானும் நடந்து போனது உனக்கு நினைவிருக்கும். கல்லூரி மூடி நீ வீட்டில் இருந்தாய். எல்லாக் கடையும் அடைத்து, ஸ்டாண்டும் தார்ப்பாயும் உள்ளே போயிருந்தன. தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெயிலில் விரிந்து கிடந்தது. நீ நடுத்தெருவில் நின்று கைகளை விரித்துச் சுற்றிப் பார்த்தாய். "அப்பா, இவ்ளோ பெரிய தெருவாப்பா இது?" என்றாய். நான் பிறந்து வளர்ந்த தெருவின் அகலத்தை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கு வந்த எண்ணம் என்ன தெரியுமா? ஐயோ, இப்படி வெறிச்சென்று கிடக்கிறதே, சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்பதுதான்.

அதற்குப் பிறகு மாநகராட்சியில் ஆக்கிரமிப்புகளை அகற்றுவது பற்றி வியாபாரிகளிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நீயும் வந்தாய், எழுந்து பேசவும் செய்தாய். கடைகள் பின்வாங்கினால் வயதானவர்களும் குழந்தைகளைத் தூக்கி வருகிறவர்களும் நிம்மதியாக நடப்பார்கள் என்றாய். உனக்குப் பதில் சொல்ல எழுந்தவன் உன் அப்பன். "கடைவீதின்னா கூட்டம் இருக்கோணும். ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு நடந்தாத்தான் அது கடைவீதி. காத்து வாங்கோணும்னா ஏற்காட்டுக்குப் போகட்டும்" என்றேன். சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமானது. அன்றைக்கே என்னைத் தெருக் கமிட்டியில் முன்னால் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "நாளைக்கு இந்தத் தெருவுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க?" நான் கைதட்டல் போதையிலேயே இருந்தேன். "நம்ம தெருவுல ஆளுக்கா பஞ்சம், தூக்கிட்டு ஓடிருவோம்" என்றேன். நீ அதன்பிறகு என்னோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாமக்கல் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் அங்கேயே விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்று போனாய். தினமும் போய்வர முடியாத தூரம் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இனி போன தீபாவளி. தெரு முனையில் வரவேற்பு வளைவு வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான். இரும்புக் குழாய் நட்டு, மூங்கில் கட்டி, சீரியல் விளக்கு சுற்றி, எல்லாக் கடைக்காரர்களையும் சம்மதிக்க வைத்து நானே முன்னின்று செய்தேன். கார் போகாத அளவுக்கு வளைவின் கால்கள் உள்ளே தள்ளி நின்றன. பண்டிகை நேரத்தில் எந்தக் கார் உள்ளே வரப்போகிறது என்று நாங்களே பேசிக்கொண்டோம். விளக்குப் போட ஊரில் ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தோம். அந்தச் சாயங்காலம்தான் அவர் வருவதாக இருந்தது. நான் வெள்ளை வேட்டி கட்டி, சால்வையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்கும் வளைவுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

அம்மா டிபன் கேரியர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூடி ஒன்று கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை எடுபடவில்லை. "ஏங்க, கை மரத்துப்போச்சுங்க" என்றாள். அடுத்த வார்த்தை குழறியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவளைத் தாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு நானேதான் போன் செய்தேன். எதிர்க் கடையிலிருந்து ஓடிவந்த காதர் பாய், "நான் முனைக்குப் போய் வண்டியக் கூட்டிட்டு வாரேண்ணே" என்று ஓடினார். ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நினைத்ததைவிட வெகு சீக்கிரம் வந்துவிட்டது. டிரைவர் வளைவுக்கு முன்னால் நின்று என் போனுக்கு அழைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், வண்டி வளைவுக்கு வெளிய நிக்குதுங்க. ஒரு பக்கக் கம்பத்த அவுத்துட்டா உள்ள வந்துருவேன். இங்க ஆளுங்க நிக்கறாங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவுத்துருவாங்க."

ஒரு வார்த்தை, சாமி. அவுத்துருங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது உன் அம்மா இல்லை. விளக்குப் போட வருகிறவர் வந்துகொண்டே இருப்பார், வளைவு சாய்ந்து கிடந்தால் என்ன நினைப்பார், இத்தனை கடைக்காரர்களை இழுத்துவிட்டு என் வீட்டுக் காரியத்துக்கு நானே பிரித்துப் போட்டேன் என்று ஆகுமே என்பதுதான் ஓடியது. "அதெல்லாம் அவுக்க வேணாம். ஆத்துப் பக்கமாச் சுத்தி வாங்க, பின்னாடி சந்து இருக்குது, கடைக்கு நேர் பின்னால வந்துரும்" என்றேன். அவர், "அந்தச் சந்துல சரக்கு லாரி நிக்குமுங்க, வேணாமுங்க" என்றார். நான், "எனக்குத் தெரியாத சந்தா? சொன்னதச் செய்யுங்க" என்று போனை வைத்தேன். உன் அம்மாவின் கண் திறந்தே இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தில் லாரி நின்றது. ஜவுளிக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வேறு வண்டிகளும் வந்து அடைத்துக்கொண்டதால் அவரால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கடைசியில் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு அவரே ஓடிவந்தார். அவரும் காதர் பாயும் தெரு ஆட்களுமாக உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு, பண்டிகைக் கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டு நடந்தார்கள். நம் கடை ஸ்டாண்டில் ஸ்ட்ரெச்சர் இடித்துக் குடங்கள் உருண்டன. வளைவுக்கு அடியில்தான் போனோம். அப்போது விளக்குப் போட்டுவிட்டார்கள், மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட ஒரு நேரக் கணக்கு உண்டு, அது தாண்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையும் பேச்சும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நீ நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கியதும் என் தோளைப் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏன்ப்பா லேட்டு?" என்பது. நான், "டிரைவர் வழி தெரியாம எங்கயோ சுத்திட்டு வந்தான்" என்றேன். ஓடி ஓடி வியர்த்து நனைந்து காய்ந்த சட்டையோடு, டிரைவர் இன்னும் போகாமல் அந்த வராண்டாவிலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நீ நேராகப் போய் அவர் சட்டையைப் பிடித்தாய். "எங்கம்மாவ இப்படிப் பண்ணிட்டியேடா" என்று கத்தினாய். அவர் உன்னைப் பார்த்தார், அப்புறம் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

நீ ஆஸ்பத்திரியில் புகார் எழுதிக் கொடுத்தபோதும் தடுக்கவில்லை. ஆத்திரம் அடங்கினால் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். அவர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் வளைவுவரை வந்ததையும், நான் சுற்றி வரச் சொன்னதையும் அவர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. நீங்கள் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார்கள். நீ பக்கத்து அறையில் அம்மாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாய். "அந்த நேரத்துல நான் என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லீங்க" என்றேன். முதல் பொய்யாவது வாயில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இது யோசித்துச் சொன்னது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் பெயர் குமரேசன். ஜலகண்டாபுரத்துக்காரர். நீ அந்தப் பெயரை நம் வீட்டில் சொல்லக் கூடாது என்றாய், நானும் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

நடந்தது காதர் பாய்க்குத் தெரியும். குமரேசன் போன் பேசியபோது அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒருநாள் கடை சாத்தும்போது என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பல்லால கடிச்சாவது அந்தக் கயித்த அவுத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் கேட்கவில்லை. தெருவில் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காத பழக்கம் இருக்கிறதே, அதை நான் பெரிய நட்பு என்று நினைத்திருந்தேன். அது எனக்குச் செய்த கெடுதல் அப்போதுதான் புரிந்தது. இன்னொருவருக்கும் தெரியும். ஒவ்வொரு முறை நீ டிரைவரைத் திட்டும்போதும் உன் அம்மா கையைத் தூக்கி ஆட்டுகிறாளே, உனக்குச் சமாதானம் சொல்வதற்காக ஆட்டவில்லை. பேச்சு போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வாக்குமூலம் அது. அதை நீ தப்பாகப் புரிந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையில் அம்மாவிடம், "ஸ்டெல்லாகிட்டச் சொல்லிடறேன்" என்றேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக்கொடுத்து இப்போது சில வார்த்தைகள் வருகின்றன அல்லவா? என்னைப் பார்த்து, "மொதல்ல... அவரு" என்றாள். எனக்குப் புரிந்தது. அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் சொல்லிவிட்டு ஜலகண்டாபுரம் பஸ் ஏறினேன்.

விசாரித்துப் போனால் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஓட்டுக்கூரை வீடு. வாசலில் ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். "குமரேசன் ஊடு இதுதானுங்களா?" என்றேன். "ஆமாங்க, நீங்க யாருங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் குமரேசனே உள்ளிருந்து வந்துவிட்டார். நூல் லோடு வேன் ஓட்டுகிறாராம், சாப்பிட வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களா" என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் குமரேசன் சொன்னார்:

"ஏனுங்க, இத எனக்கு வந்து சொல்றீங்களே, எனக்குத் தெரியாதுங்களா? போன்ல பேசுனது நாந்தானுங்களே. லாரி நிக்கும் வேணாமுங்கன்னு சொன்னனுங்களா இல்லீங்களா?"

"சொன்னீங்க."

"அத ஆசுபத்திரியில கேட்டப்ப ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதுமுங்களே. வேலை போனதக்கூட விடுங்க. வழி தெரியாம சுத்தி ஒரு பொம்பளய முடமாக்கிட்டான்னு இங்க ஊருக்குள்ள பேசிட்டாங்க. இவ தண்ணிக்குப் போற எடத்துல கேக்கறாங்க."

"அன்னைக்கு எம்பொண்ணு உங்க சட்டையப் புடிச்சப்ப நீங்க ஏன் சொல்லலைங்க?" என்று கேட்டேன். அப்போதிருந்து என்னைக் குடைந்த கேள்வி அது.

அவர், "அம்மாவ அப்படிப் பாத்துட்டு நிக்கற புள்ளகிட்ட, உங்கப்பன்தான் காரணம்னு எப்படிங்க சொல்றது? நாலு அடி வாங்கிட்டுப் போயிரலாம்னு இருந்துச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க" என்றார்.

நான், "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். "அத இப்பச் சொல்ல மாட்டனுங்க. வாயில வரல" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அவர் மனைவிதான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "குடிச்சுட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்றார். சொம்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன், சாமி.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி அவர்கள் ஒரு உறுதியும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன். கடைக்கு முன்னால் நான் வைத்த ஸ்டாண்டையும், கம்பியையும், அப்பா இறக்கிய தகரத்தையும் கழற்றி எடுத்துவிட்டேன். இதனால் தெரு திருந்திவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். காதர் பாய் சூட்கேஸ் அடுக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் காலி செய்த இடத்தில் அன்றைக்கே ஒருவர் பனியன் விற்கும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தினமும் காலையில் அவரிடம் போய், தள்ளி நிறுத்துங்க என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். "அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று தெருவில் பேச்சு. இந்த வருஷ வளைவுக்கான கூட்டம் வரப்போகிறது. அதில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்வேன். உனக்குத் தெரிந்த பிறகு சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

கல்யாணம் ஆகிப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இப்போது இல்லை என்றாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் வீட்டுக்காரரிடமோ அவர் வீட்டாரிடமோ தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், தூங்கப் போவதற்குள் மாற்றிச் சொல்லிவிடு. வெட்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். தள்ளிப்போட்டால் அந்தப் பொய்யை உண்மையென்று நம்பி வேறொருவர் எதையோ செய்துவிடுவார். நீ செய்தாயே, அதுபோல. நல்ல மனசோடு, அம்மாமேல் உள்ள பாசத்தில், ஒரு தப்பும் செய்யாதவர் வேலையை நீ பறித்தாய். அந்தப் பாவம் உன்னுடையது இல்லை. உன் கையைக் கொண்டு நான் செய்த காரியம் அது. பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது அதை நீ சுமக்க வேண்டியதில்லை.

இதை அனுப்பும் முன் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வளைவிலிருந்து டிரைவர் போன் செய்த இடத்தில், "அந்தப் பதற்றத்தில் என் புத்தி மழுங்கிவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்து, "இல்ல" என்றாள். தெளிவாகச் சொன்னாள். நான் பதறவில்லை, என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன் என்பது மடியில் கிடந்த அவளுக்குத் தெரியும். அந்த வரியை அடித்துவிட்டேன். மற்றதற்கெல்லாம் தலையாட்டினாள். கடைசியில் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அனுப்பு" என்றாள்.

நீ கோபப்படு. கத்த வேண்டும் என்றால் வந்து கத்து. கோயிலில் உன் கையைப் பிடித்து அழைத்து வர நான் வேண்டாம் என்று தோன்றினால், காதர் பாயைக் கேட்டுக்கொள், அவர் தட்ட மாட்டார். நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ள மட்டும் என்னை விடு. குமரேசன் ஞாயிற்றுக்கிழமைதான் முழுநாளும் வீட்டில் இருப்பாராம். பஸ் ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நீ அங்கே போவாய் என்று எனக்குத் தெரியும், உன் அம்மா வளர்த்த பிள்ளை நீ. போகும்போது நான் கூட வரட்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லி அனுப்பு.

உன் அப்பா